சோடா தெளிக்காதீங்க, நெஞ்சை அமுக்குங்க!

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தூசி படிஞ்சு கிடந்தது. மொக்கை போடக்கூட நேரமில்லை. இன்னிக்கு எழுதறது கோவத்துல. அதனால நடை கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்லயே ஒரு டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுற கூட்டத்துல ஒருத்தன். எஞ்சினியரிங் படிச்சதோட சரி. ஆனா இந்த விஷயத்துக்கு டாக்டரா இருக்கணும்கிற அவசியமே இல்லைங்கறதுதான் இந்தப் பதிவோட மொத்த வாதமும்.

போன மாசம் எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தர் செத்துப்போனார். வயசு அம்பதுக்கு மேல இருக்கும். தினமும் சாயங்காலம் வாக்கிங் போவார், பார்த்தா "என்ன தம்பி, இன்னிக்கும் வீட்லேர்ந்தே வேலையா?"ன்னு கேப்பார். அவர் செத்துப்போனார்னு சொல்றதைவிட, பத்துப் பன்னெண்டு பேர் சுத்தி நின்னு அவரைச் சாக விட்டோம்னு சொல்றதுதான் சரி. அந்தப் பன்னெண்டு பேர்ல நானும் ஒருத்தன். என் கையில ஒரு சோடா பாட்டில் இருந்தது.

எங்க வேலையில சர்வர் படுத்துக்கிச்சுன்னா மறுநாள் எல்லாரும் உக்கார்ந்து லாக் பார்ப்போம். எத்தனை மணிக்கு என்ன ஆச்சு, யார் எதைத் தொட்டாங்க, எங்க கோட்டை விட்டோம்னு ஒரு அறிக்கை எழுதுவோம். ஒரு வெப்சைட் அரை மணி நேரம் வேலை செய்யலைன்னா இதையெல்லாம் செய்யற நான், ஒரு மனுஷன் செத்ததுக்கும் செய்யலாமேன்னு நினைச்சேன். செக்யூரிட்டி அண்ணன்கிட்ட கேட்டு சிசிடிவி பதிவைப் பார்த்தேன். இதோ லாக்:

மாலை 6:41. நடந்துக்கிட்டிருந்தவர் அப்படியே சரிஞ்சு விழறார். கையை ஊன்றக்கூட இல்லை.

6:42. மூணு பேர் ஓடி வர்றாங்க. அவர் கை கால் ரெண்டு தடவை வெட்டி இழுக்குது. "வலிப்புப்பா, வலிப்பு"ன்னு ஒருத்தர் சாவிக்கொத்தை எடுத்து கையில திணிக்கிறார்.

6:44. கூட்டம் சேருது. "காத்து வரட்டும், விலகுங்க"ன்னு ஒருத்தர் சொல்றார். யாரும் விலகலை. நான் சோடாவோட வர்றேன். மூஞ்சில தெளிக்கிறோம்.

6:45. நாலு நிமிஷம் கழிச்சு, யாரோ ஒருத்தர் 108-க்கு போன் பண்றார்.

6:47. அவர் வாய் திறந்து ஒரு பெரிய மூச்சு இழுக்குது. "மூச்சு வருது, மூச்சு வருது"ன்னு எல்லாருக்கும் ஒரு நிம்மதி. உள்ளங்கால் தேய்க்கிறோம்.

6:50. பிளாஸ்டிக் சேர் கொண்டு வந்து அவரைத் தூக்கி உக்கார வைக்கப் பார்க்கிறோம். தலை தொங்குது.

6:52. நம்ம கார்லயே தூக்கிட்டுப் போயிடலாமா, ஆம்புலன்ஸுக்கு நிக்கலாமான்னு சண்டை.

6:58. ஆம்புலன்ஸ் உள்ளே வருது. மெயின் கேட்டுல வழி காட்ட ஒருத்தரைக்கூட நாங்க நிறுத்தலை. இறங்கின பையன் எங்களை எல்லாம் தள்ளிட்டு முட்டி போட்டு அவர் நெஞ்சை அமுக்க ஆரம்பிக்கிறான்.

பதினேழு நிமிஷம். அந்தப் பதினேழு நிமிஷத்துல அவர் கையைத் தொட்டோம், காலைத் தொட்டோம், மூஞ்சியைத் தொட்டோம். நெஞ்சை ஒருத்தர் கூடத் தொடலை. இதைப் பார்த்ததுக்கு அப்புறம் எனக்கு ரெண்டு நாள் தூக்கம் வரலை.

ஆஸ்பத்திரியில மானிட்டர் போட்டப்போ நேர்கோடு. "முதல்ல வி.எஃப்-ல ஆரம்பிச்சிருக்கலாம். நேரமாயிட்டதால இப்ப சொல்ல முடியாது"ன்னாங்க. அந்த வி.எஃப்-ங்கற ரெண்டு எழுத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இந்த ஒரு மாசமா படிச்சேன். வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன். படிக்கப் படிக்கத்தான் கோவம் ஏறுச்சு.

விஷயம் இதுதான். இதயத்தோட கீழ் அறை தசை முழுக்க ஒரே நேரத்துல சேர்ந்து சுருங்கினாத்தான் ரத்தம் வெளியே போகும். அதுக்கு மேலேருந்து ஒரு மின்சார சிக்னல் வருது. ஊர்ல தேர் இழுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஒரு சத்தம் கொடுப்பாங்க, ஆயிரம் பேரும் ஒண்ணா இழுப்பாங்க, தேர் நகரும். அந்த ஆயிரம் பேரும் அவங்கவங்க இஷ்டத்துக்கு ஆளுக்கொரு நேரத்துல இழுத்தா? எல்லாரும் வேர்க்க விறுவிறுக்க இழுத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க, தேர் ஒரு அடி நகராது. வி.எஃப் அதுதான். இதயம் 'நின்னு' போகலை. ஒவ்வொரு தசையும் தன் பாட்டுக்கு துடிச்சுக்கிட்டிருக்கு. மொத்தமா பார்த்தா ஒரு நடுக்கம். ரத்தம் மட்டும் போகலை. சில நொடியில நினைவு தப்பும். நாலஞ்சு நிமிஷத்துல மூளை செல்கள் சாக ஆரம்பிக்கும்.

அந்த வெட்டி இழுத்தது வலிப்பு இல்லீங்க. மூளைக்கு ரத்தம் நின்னதும் வர்ற இழுப்பு. அந்தப் பெரிய மூச்சும் மூச்சில்லை. சாகப்போற மூளை விடற கடைசி சிக்னல். மீன் தரையில கிடந்து வாயைத் திறக்குமே, அது மாதிரி. நாங்க முன்னதுக்கு சாவி கொடுத்தோம். பின்னதைப் பார்த்து சந்தோஷப்பட்டோம்.

இதுக்கு வைத்தியம் என்னன்னு பாருங்க, நம்மாளுங்களுக்கு உடனே புரியும். ரீபூட்! நெஞ்சு வழியா ஒரு ஷாக் கொடுத்தா எல்லா தசையும் ஒரே நேரத்துல ஒரு நொடி அடங்கும். அந்த அமைதியில இதயத்தோட இயல்பான கடிகாரம் மறுபடி தாளத்தைப் பிடிக்கும். அதனாலதான் நம்ம சினிமாவுல காட்டறது சுத்தப் பொய். மானிட்டர்ல நேர்கோடு வந்ததும் டாக்டர் ரெண்டு இஸ்திரிப் பெட்டியை உரசி ஷாக் கொடுப்பார், ஹீரோ துள்ளி எழுந்திரிப்பார். நேர்கோட்டுக்கு ஷாக் வைத்தியமே கிடையாது. கலாட்டா நடந்தாத்தான் அடக்க முடியும். ஆளே இல்லாத ஊர்ல யாரை அடக்கறது? அந்த நடுக்கமும் நேரம் ஆக ஆக சன்னமாகி கடைசியில நேர்கோடாயிடும். ஆக, ஷாக் வேலை செய்யற ஜன்னல் ரொம்பச் சின்னது. நெஞ்சை அமுக்கறது அந்த ஜன்னலைக் கொஞ்ச நேரம் மூடாம பிடிச்சு வைக்கிற வேலை. மூளைக்கும் கொஞ்சம் ரத்தம் போகும், இதயமும் ஷாக்குக்குத் தயாரா இருக்கும்.

ஒண்ணும் செய்யாம நின்னா, ஷாக் தாமதமாகற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7லேர்ந்து 10 சதவீதம் வரை குறையும். யாராவது நெஞ்சை அமுக்கிக்கிட்டிருந்தா அந்தக் குறைவு 3, 4 சதவீதமா சுருங்கும். இப்ப மேல போய் என் லாக்கை இன்னொரு தடவை படிங்க. பதினேழு நிமிஷம்.

இதுல வார்த்தைக் குழப்பம் வேற. 2016 டிசம்பர் 4 ராத்திரி ஞாபகம் இருக்கா? ஜெயலலிதாவுக்கு 'கார்டியாக் அரெஸ்ட்'னு ஆஸ்பத்திரி அறிக்கை வந்தது. டிவிக்காரங்க 'மாரடைப்பு'ன்னு ஓட்டினாங்க. ரெண்டும் ஒண்ணில்லை. மாரடைப்புன்னா ரத்தக்குழாய் அடைப்பு, பிளம்பிங் பிரச்சினை. ஆளுக்கு நினைவு இருக்கும், நெஞ்சு வலிக்குதும்பார், ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இருக்கும். இதயத்துடிப்பு முடங்கறது வேற, அதுல பெரும்பாலும் வயரிங் பிரச்சினை. ஆள் விழுந்த நொடியே நாடித்துடிப்பு இருக்காது. முன்னது பின்னதைக் கொண்டு வரலாம், அடிக்கடி கொண்டு வருது. ஆனா முன்னதுக்கு வண்டி பிடிக்கணும், பின்னதுக்கு அந்த இடத்துலயே முட்டி போடணும். ரெண்டுக்கும் ஒரே பேரை வெச்சிருக்கிற ஊர்ல, ரெண்டுக்கும் ஒரே காரியத்தைத்தானே செய்வான் மனுஷன்? வண்டி பிடிப்பான்.

(மேல் அறையில வர்ற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒண்ணு இருக்கு. பேர் ஒரே மாதிரி இருக்கறதால பயந்துடாதீங்க. அதுல ரத்தம் ஓடிக்கிட்டுத்தான் இருக்கும், நிமிஷத்துல ஆளைக் கொல்லாது. ஆனா மேல் அறையில ரத்தம் உறைஞ்சு மூளைக்குப் போய் பக்கவாதம் வரலாம். ரத்தம் உறையாம இருக்க மருந்து, வேகத்தைக் கட்டுப்படுத்த மருந்து, தேவைப்பட்டா அப்லேஷன்னு வைத்தியம் இருக்கு. வருஷக்கணக்கா அதோட வாழறவங்க நிறைய பேர். உங்க அப்பா ரிப்போர்ட்ல அது இருந்தா இந்தப் பதிவைப் பார்த்து அலறாதீங்க, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒழுங்கா போடச் சொல்லுங்க.)

இதெல்லாம் நேத்து கண்டுபிடிச்சதா? இல்லை. 1947-ல கிளீவ்லேண்ட்ல கிளாட் பெக்ங்கற சர்ஜன், ஆபரேஷன் நடுவுல இதயம் நடுங்கிப்போன 14 வயசுப் பையனுக்கு, திறந்திருந்த நெஞ்சுக்குள்ளயே ஷாக் கொடுத்து பிழைக்க வெச்சார். 1956-ல பால் சோல், நெஞ்சைத் திறக்காமலே வெளியிலேர்ந்து ஷாக் கொடுக்கலாம்னு காட்டினார். 1960-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர்னு மூணு பேர், நெஞ்சை வெளியிலேர்ந்து அமுக்கியே ரத்தத்தை ஓட வைக்கலாம்னு எழுதினாங்க. இதுல கூவன்ஹோவன் யார் தெரியுமா? டாக்டர் இல்லை, எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர்! நம்ம ஜாதி :-)

1960-களோட நடுவுல பெல்ஃபாஸ்ட்ல ஃப்ராங்க் பான்ட்ரிட்ஜ் ஒரு வேலை செஞ்சார். "நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள செத்துடறான், அதனால மிஷின் நோயாளிகிட்ட போகணும்"னு கார் பேட்டரியில ஓடற, 70 கிலோ எடையுள்ள டிஃபிப்ரிலேட்டரை ஆம்புலன்ஸ்ல ஏத்தினார். இன்னிக்கு அதே மிஷின் ஒரு டிபன் கேரியர் சைஸுக்கு வந்தாச்சு. பேர் ஏ.ஈ.டி. மூடியைத் திறந்தா அதுவே பேசும். "ஸ்டிக்கரை இங்க ஒட்டு, விலகி நில்லு, இந்த பட்டனை அமுக்கு." அதுவே இதயத்தோட அலையைப் படிக்கும். ஷாக் தேவையில்லாத தாளமா இருந்தா பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் ஷாக் போகாது. அதாவது நீங்க தப்பு பண்ணவே முடியாதபடி 'இஃப் கண்டிஷன்' போட்டு வெச்சிருக்கான்.

வேலை செய்யுதான்னு கேப்பீங்க. அமெரிக்காவுல சூதாட்ட கேசினோக்கள்ல காவலாளிகளுக்கு இந்த மிஷினைக் கொடுத்து பழக்கினாங்க. 2000-ல வந்த ஆய்வு அது. கண் முன்னால விழுந்து, வி.எஃப்-ல இருந்தவங்கள்ல, மூணு நிமிஷத்துக்குள்ள முதல் ஷாக் கிடைச்சவங்க 74 சதவீதம் பேர் பிழைச்சு வீட்டுக்குப் போனாங்க. மூணு நிமிஷம் தாண்டினவங்க 49 சதவீதம். சிகாகோ விமான நிலையங்கள்ல சுவத்துல மாட்டி வெச்சாங்க. ரெண்டு வருஷத்துல 18 பேர் வி.எஃப்-ல விழுந்தாங்க, 11 பேர் பிழைச்சாங்க. இது 2002-ல வந்த ஆய்வு. அந்த 11 பேர்ல ஆறு பேரைக் காப்பாத்தினவங்க, அதுக்கு முன்னாடி அந்த மிஷினைப் பழகினதே இல்லை. அதுல மூணு பேர் டாக்டருக்குப் படிச்சவங்கதான், ஒத்துக்கறேன். மீதி மூணு பேர்? உங்களையும் என்னையும் மாதிரி ஃப்ளைட்டுக்கு நின்னுக்கிட்டிருந்தவங்க.

கேசினோவுல ஏன் அவ்வளவு சீக்கிரம் போக முடிஞ்சதுன்னா, அங்க எல்லா இடத்துலயும் கேமரா. விழுந்ததும் பார்த்துடுவாங்க. எங்க அபார்ட்மென்ட்லயும்தான் கேமரா இருக்கு. அவர் சாகறதை ரொம்பத் தெளிவா பதிவு பண்ணியிருக்கு.

சரி, சங்கத்துக்கு வருவோம். இது நடந்து ரெண்டு வாரம் கழிச்சு அசோசியேஷன் மீட்டிங். நான் எழுந்து, ஒரு ஏ.ஈ.டி வாங்கணும், எல்லாருக்கும் ஒரு நாள் சி.பி.ஆர் பயிற்சி வைக்கணும்னு சொன்னேன். வாங்கின கொட்டேஷன் 1,20,000 ரூபாய். 180 வீடு. ஒரு வீட்டுக்கு 667 ரூபாய். ஒரு பக்கெட் பிரியாணி வாங்கினா இதைவிட அதிகம் ஆகும். அங்க வந்த பதில்களை ஒண்ணொண்ணா எழுதறேன். ஏன்னா இது எங்க அபார்ட்மென்ட் பதில் மட்டும் இல்லை. நம்ம சனங்களோட பதில்.

"அதெல்லாம் டாக்டர் வேலை தம்பி. தெரியாதவன் கை வெச்சு ஏதாவது ஆயிட்டா?"

அங்கிள், அவருக்கு நாடித்துடிப்பு இல்லை, மூச்சு இல்லை. அதுக்கு மேல என்ன 'ஏதாவது' ஆகணும்? விலா எலும்பு உடையலாம், அடிக்கடி உடையும். உடைஞ்ச விலா ரெண்டு மாசத்துல கூடிடும். சாம்பலை யாரும் ஒட்ட வைக்க முடியாது.

"போலீஸ் கேஸ் ஆயிடும்பா."

இது நம்ம ரத்தத்துலயே ஊறின பயம். 2016 மார்ச் 30-ல சுப்ரீம் கோர்ட், விபத்துல அடிபட்டவங்களுக்கு உதவறவங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு வழிகாட்டு நெறிகளை சட்டத்துக்கு சமமா ஆக்கியாச்சு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்துலயே அது ஏறியாச்சு. அது ரோடு ஆக்சிடென்ட்டுக்குத்தானேன்னு கேட்டா, ஆமா. ஆனா ஒருத்தரோட நன்மைக்காக, நல்லெண்ணத்தோட, அவர் சம்மதம் சொல்ல முடியாத நிலையில செய்யற காரியம் குற்றமாகாதுன்னு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 92-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1-லேர்ந்து வந்த புதுச் சட்டத்துலயும் அதே ஏற்பாடு இருக்கு. ஒன்றரை நூற்றாண்டா சட்டத்துல இருக்கறதை நாம படிக்கலைன்னா அது சட்டத்தோட தப்பா?

"108 வந்துடுமே?"

வரும். கூப்பிட்டா வரும். பத்து நிமிஷத்துல வந்தா அதுவே பெரிய விஷயம். மூளை அஞ்சு நிமிஷம்தான் தாங்கும். மீதி அஞ்சு நிமிஷத்துக்கு யார் பொறுப்பு? ஆம்புலன்ஸ் பறந்தே வந்தாலும் முதல் மூணு நிமிஷம் பக்கத்துல நிக்கறவனோடதுதான்.

"பொம்பளைங்க விழுந்தா நெஞ்சுல எப்படி கை வைக்கிறது?"

இதைக் கேட்டவர் முகத்தைப் பார்த்தேன், கிண்டலா கேக்கலை, நிஜமாவே சங்கடத்துலதான் கேட்டார். அதனால மரியாதையாவே பதில் சொல்றேன். கை வைக்கறது நெஞ்செலும்பு மேல, நட்ட நடுவுல. உங்க அம்மா, உங்க சம்சாரம், உங்க பொண்ணு நடுரோட்டுல விழுந்து கிடந்தா, சுத்தி நிக்கற ஆம்பளைங்க கூச்சப்பட்டு நிக்கணும்னு ஆசைப்படுவீங்களா? அவ்வளவுதான் கேள்வி.

"நம்ம அபார்ட்மென்ட்ல பத்து வருஷத்துல ஒருத்தர்தானே இப்படி..."

ஒவ்வொரு மாடியிலயும் சிவப்பா ஒரு தீயணைப்பு சிலிண்டர் தொங்குதே. பத்து வருஷத்துல எத்தனை தீ? அதை யாராவது வேண்டாம்னோமா?

"அவருக்கு விதி அவ்வளவுதான்."

இதுக்குத்தான் எனக்கு நிஜமாவே கோவம் வந்தது. விதிக்கு டென்மார்க் விசா கிடைக்கலையா?

2021 ஜூன் 12, கோபன்ஹேகன் பார்க்கன் ஸ்டேடியம். யூரோ கோப்பையில டென்மார்க்குக்கும் பின்லாந்துக்கும் ஆட்டம். கிறிஸ்டியன் எரிக்சன் பந்து வாங்க வந்தவர் அப்படியே சரிஞ்சார், எங்க அங்கிள் சரிஞ்ச மாதிரியே. வயசு 29. கேப்டன் சைமன் கியார் ஓடி வந்தார், டீம் ஆளுங்க சுத்தி நின்னு மறைச்சாங்க, மருத்துவக் குழு நெஞ்சை அமுக்குச்சு, ஷாக் கொடுத்துச்சு. அவரைத் தூக்கிட்டுப் போறப்போ கண் திறந்திருந்தது. நெஞ்சுக்குள்ள ஐ.சி.டி-ன்னு ஒரு குட்டி மிஷின் வெச்சாங்க. இன்னொரு தடவை நடுக்கம் வந்தா அதுவே உள்ளேருந்து ஷாக் கொடுக்கும். அடுத்த பிப்ரவரியிலயே இங்கிலாந்து ப்ரீமியர் லீக்ல ஆடினார். 2022 உலகக்கோப்பை ஆடினார். 2024 யூரோவுல கோல் போட்டார்.

"அது ஸ்டேடியம், பெரிய டீம், டாக்டர் ரெடியா இருப்பார்"னு சொல்வீங்க. 2003 ஜூன் 26, பிரான்ஸ்ல லியோன் நகரம், அதுவும் பெரிய ஸ்டேடியம்தான். கேமரூன் வீரர் மார்க் விவியன் ஃபோயே கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை அரையிறுதியில விழுந்தார். அவருக்கு இதயத்தசை தடிச்சுப்போற நோய் இருந்திருக்கு. பிழைக்கலை. பணக்கார ஊர், பெரிய மைதானம், டாக்டர், எல்லாம் அன்னிக்கும் இருந்தது. விழுந்தவனைப் பார்த்த நொடியில என்ன செய்யணும்கற பயிற்சி அதுக்கப்புறம்தான் கால்பந்துல தீவிரமாச்சு. 2012-ல லண்டன்ல ஃபாப்ரிஸ் முவாம்பா விழுந்தப்போ அவர் இதயம் 78 நிமிஷம் தானா துடிக்கலை. விடாம அமுக்கினாங்க. இன்னிக்கும் உயிரோட இருக்கார்.

டென்மார்க் கதையில எனக்குப் பிடிச்சது எரிக்சன் இல்லை. 2001-ல அந்த நாட்டுல ஆஸ்பத்திரிக்கு வெளியில இப்படி விழுந்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்குத்தான் பக்கத்துல இருந்தவங்க சி.பி.ஆர் செஞ்சாங்க. 21 சதவீதம். அதாவது அவனும் பெரும்பாலும் வேடிக்கைதான் பார்த்தான்! 2005-லேர்ந்து பள்ளிக்கூடத்துல சி.பி.ஆர் கட்டாயம்னாங்க. அடுத்த வருஷம் டிரைவிங் லைசென்ஸ் வேணும்னா முதலுதவி படிக்கணும்னாங்க. 2010-ல அந்த 21, 45 சதவீதமாச்சு. முப்பது நாள் தாண்டி உயிரோட இருந்தவங்க 3.5 சதவீதத்துலேர்ந்து 10.8 ஆனாங்க. மூணு மடங்கு. அந்தப் பத்து வருஷத்துல விதி மாறலை, சிலபஸ் மாறுச்சு.

நேர்மையா ஒண்ணு சொல்லணும். 10.8-னா மீதி 89 பேர் அங்கயும் செத்துத்தான் போறாங்க. இது மந்திரம் இல்லை. எல்லா விழறதும் வி.எஃப் இல்லை. பிழைச்சவங்கள்லயும் சிலருக்கு மூளையில பாதிப்பு தங்கிடும். ஆனா சீக்கிரம் ஷாக் கிடைச்சு, மூளை கெடாம கண் முழிச்சவங்களோட பிற்காலம் நல்லாவே இருக்கும். அடைப்பு காரணம்னா ஸ்டென்ட் வைப்பாங்க. தசையிலயோ வயரிங்லயோ கோளாறுன்னா மருந்து, ஐ.சி.டி. அந்த ஐ.சி.டி-யைக் கண்டுபிடிச்ச மிரோவ்ஸ்கி, தனக்குக் குருவா இருந்தவர் இப்படியே செத்ததைப் பார்த்துட்டு, மத்தவங்க முடியாதுன்னு சொன்னதையும் மீறி வருஷக்கணக்கா முட்டி மோதி, 1980-ல முதல் மனுஷ உடம்புக்குள்ள அதை வெச்சுக் காட்டினார். அவரும் துக்கத்துலதான் ஆரம்பிச்சார். நாம மூணாம் நாள் பால் ஊத்திட்டு மறந்துடறோம்.

எங்க மீட்டிங் முடிவு: கேட்டுக்கு கிரானைட் ஆர்ச் வைக்க நாலு லட்சம், ஏகமனதா நிறைவேறுச்சு. வாஸ்துவாம். ஏ.ஈ.டி 'அடுத்த நிதியாண்டுல பரிசீலிக்கப்படும்'. அன்னிக்கு ராத்திரியே அசோசியேஷன் வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் ஃபார்வர்டு போட்டார்: "தனியா இருக்கும்போது மாரடைப்பு வந்தா பலமா இருமுங்கள், உயிர் பிழைக்கலாம், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்." அதுக்கு நாப்பது கைகூப்பல். ஐயா, நடுக்கம் வந்தா சில நொடியில நினைவே இருக்காது, எங்கேருந்து இருமறது? ஆஸ்பத்திரி கட்டில்ல, மானிட்டர் மாட்டியிருக்கறப்போ, டாக்டர் பக்கத்துல நின்னு சொல்லி இருமச் சொன்ன விஷயத்தை எடுத்து பொதுஜனத்துக்கு வைத்தியமாக்கி, வருஷக்கணக்கா சுத்த விட்டுக்கிட்டிருக்கோம். ஓசியில கிடைக்கிற பொய்க்கு நாப்பது கும்பிடு, 667 ரூபாய் உண்மைக்கு ஒரு கை கூட உயரலை.

ஐடி கம்பெனிக்காரங்க மட்டும் யோக்கியமா? வருஷா வருஷம் இதய தினத்துக்கு சிவப்பு டி-ஷர்ட் கொடுப்பாங்க, பலூன் கட்டுவாங்க, லாபியில செல்ஃபி எடுப்போம். நான் போன வாரம் எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல "இங்க ஏ.ஈ.டி இருக்கா?"ன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ஃபெசிலிட்டிக்கு போன் போட்டு, அவங்க அட்மினுக்குப் போட்டு, கடைசியில கண்டுபிடிச்சாங்க. இருக்கு! பேஸ்மென்ட்ல, அட்மின் ரூம்ல, பீரோவுக்குள்ள. சாவி வெச்சிருக்கவர் அன்னிக்கு லீவு. மிஷினோட ஸ்டிக்கர் காலாவதியாகி எட்டு மாசம். எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் வரலை.

சரி, புலம்பினது போதும். உருப்படியா நாலு வரி. இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க.

ஆள் விழுந்துட்டாரா? தோளைத் தட்டி சத்தமா கூப்பிடுங்க. பதில் இல்லை, மூச்சு இல்லை அல்லது மீன் மாதிரி எப்பவாவது ஒரு தடவை வாய் திறக்குது. அப்படின்னா நேரத்தை வீணாக்காதீங்க. ஒருத்தரைக் கை காட்டி "நீங்க 108 கூப்பிடுங்க", இன்னொருத்தரைக் காட்டி "நீங்க ஏ.ஈ.டி எடுத்துட்டு வாங்க", மூணாவது ஆளை கேட்டுக்கு அனுப்புங்க. பொதுவா "யாராவது கூப்பிடுங்க"ன்னா யாரும் கூப்பிட மாட்டாங்க, என் லாக்குல அந்த நாலு நிமிஷம் அப்படித்தான் போச்சு. தரையில மல்லாக்க படுக்க வைங்க. சேர்ல உக்கார வைக்காதீங்க. நெஞ்சுக்கு நட்ட நடுவுல உள்ளங்கையோட அடிப்பாகம், அதுமேல இன்னொரு கை, முழங்கை மடங்காம நேரா. 5லேர்ந்து 6 சென்டிமீட்டர் ஆழம் அமுக்கணும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேல வர விடணும். நிமிஷத்துக்கு 100லேர்ந்து 120 தடவை. ஒரு நொடிக்கு கிட்டத்தட்ட ரெண்டு. பழக்கம் இல்லாதவங்க வாயோட வாய் வெச்சு ஊதணும்னு அவசியம் இல்லை. ரெண்டு நிமிஷத்துல கை ஓஞ்சுடும், ஆள் மாத்திக்கோங்க. ஏ.ஈ.டி வந்தா திறந்து அது சொல்றதைக் கேளுங்க. ஆம்புலன்ஸ் ஆளு உங்களைத் தள்ளற வரைக்கும் நிறுத்தாதீங்க.

அவ்வளவுதான். நாம கத்துக்கிட்ட எந்த புரோகிராமிங் மொழியைவிடவும் சின்ன சிலபஸ்.

நான் போன சனிக்கிழமை ஒரு பயிற்சிக்குப் போய் நாலு மணி நேரம் பொம்மையை அமுக்கிட்டு வந்தேன். அடுத்த நாள் மணிக்கட்டு வலி. அசோசியேஷன் வாங்கலைன்னா போகட்டும்னு, எங்க பிளாக்குல மட்டும் வீடு வீடா கேட்டுக்கிட்டிருக்கேன். பதினொரு வீடு சேர்ந்திருக்கு. முதல்ல பணம் கொடுத்தது யார்னு சொன்னா நம்ப மாட்டீங்க. செத்துப்போன அங்கிளோட சம்சாரம். நான் அந்த வீட்டுல கேக்கவே இல்லை, கேக்க மூஞ்சியும் இல்லை. அவங்களே கூப்பிட்டு கவர்ல கொடுத்தாங்க. "நீ அன்னிக்கு சோடா வாங்க ஓடினியாமே தம்பி, வாட்ச்மேன் சொன்னார். நல்லா இருப்பா"ன்னாங்க.

அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.

பி.கு: பின்னூட்டத்துல 'அருமையான பதிவு', 'மீ த ஃபர்ஸ்ட்' எல்லாம் வேண்டாம். நாளைக்கு ஆபீஸ் போனதும் ஏ.ஈ.டி எங்க இருக்கு, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேட்டுட்டு வந்து அந்தப் பதிலை மட்டும் போடுங்க.